விளக்கை அணைய விடாத மாநிலம்

உங்கள் வீட்டில் பதினாறு வயதில் ஒரு பெண் இருக்கிறாளா? அவளை மனசில் நிறுத்திக்கொண்டு இதைப் படியுங்கள்.

1856-ம் வருஷம், ஜனவரி மாதம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நடுக்கடலில் ஒரு பாறை. மாட்டினிகஸ் ராக் என்று பெயர். கரையில் இருக்கும் ராக்லண்டு என்ற ஊரிலிருந்து சுமார் 25 மைல் தூரம். பாறை மேலே இரண்டு கலங்கரை விளக்கங்கள், பக்கத்தில் ஒரு வீடு. அவ்வளவுதான் ஊர்! விளக்குக் காவலர் சாமுவேல் பர்ஜஸ், வீட்டில் சாமான் தீர்ந்து போகிறதே என்று படகெடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருந்தார். வீட்டில் படுக்கையோடு இருக்கும் மனைவி, சின்னஞ்சிறு பெண்கள், அவர்களுக்கெல்லாம் மூத்தவளாக ஆபி. வயசு பதினாறு.

அப்போது வந்தது பாருங்கள் ஒரு புயல்! கடல் பொங்கிப் பாறையையே மூடிவிட்டது. ஆபி, அம்மாவையும் தங்கைகளையும் கோபுரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அப்புறம்தான் அவளுக்குக் கோழிகள் நினைவு வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடினாள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் வாரிக்கொண்டு திரும்பினாள். கதவைச் சாத்தியதுதான் தாமதம், அடுத்த அலை வந்து பழைய வீட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது.

அப்பா திரும்பி வர நாலு வாரம் ஆயிற்று. அந்த நாலு வாரமும் இரண்டு கோபுரங்களிலும் சேர்த்து இருந்த 28 எண்ணெய் விளக்குகளுக்கும் எண்ணெய் ஊற்றி, திரி கத்தரித்து, கண்ணாடி துடைத்து, ஒரு ராத்திரி கூட அணைய விடாமல் பார்த்துக்கொண்டாள் அந்தப் பெண். விளக்கு அணைந்தால் எந்தக் கப்பல் பாறையில் மோதுமோ, யார் கண்டது?

இந்த ஆபி பர்ஜஸின் கதையை மேய்ன் மாநிலத்தில் சின்னக் குழந்தைகள்கூடப் படிக்கிறார்கள். விளக்கைக் காத்ததும் சரி, கோழியைக் காத்ததும் சரி, இரண்டுமே அந்த ஊர்க் குணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் குடித்தனம் நடத்துகிறவள்தானே! வீட்டுக் கணக்குப் பார்க்கிற கண்ணோடு அந்த மாநிலத்தைப் பார்த்தால் என்னென்ன தெரிகிறது என்று உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசை.

எங்கே இருக்கிறது இந்த மேய்ன்?

'மெயின் ரோடு' என்கிறோமே, அதே உச்சரிப்புதான். அமெரிக்கப் படத்தை விரித்து, வலது கை மேல் மூலையில் பாருங்கள். மற்ற மாநிலங்களோடு ஒட்டியும் ஒட்டாமலும் கனடாவுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் ஒரே ஒரு மாநிலத்தை மட்டும் எல்லையாகக் கொண்டது இது ஒன்றுதான். அந்த அண்டை வீட்டுக்காரர் நியூ ஹாம்ப்ஷயர். மற்றப் பக்கமெல்லாம் கனடாவும் கடலும்.

நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் ஆறு மாநிலங்களில் மற்ற ஐந்தையும் சேர்த்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு பெரியது மேய்ன். ஆனால் ஜனத்தொகை? 2020-ம் வருஷக் கணக்கெடுப்பில் 13 லட்சத்து 62 ஆயிரம்தான். மிகப் பெரிய நகரமான போர்ட்லண்டிலேயே 68 ஆயிரம் பேர்தான். தலைநகர் அகஸ்டா அதைவிடச் சிறியது. நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு காடு. அதனால் 'பைன் மர மாநிலம்' என்று செல்லப் பெயர்.

கடற்கரை சமாசாரம் வேடிக்கையானது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நேராக நூல் பிடித்தால் 228 மைல்தான் வரும். ஆனால் உள்ளே புகுந்தும் வெளியே நீண்டும் இருக்கிற ஒவ்வொரு வளைவையும், தீவுகளையும் சேர்த்து அளந்தால் சுமார் 3,500 மைல்! கிழிந்த புடவைத் தலைப்பைப் போன்ற கரை. பாறையும் மூடுபனியும் அதிகம். அதனால்தான் அத்தனை கலங்கரை விளக்கங்கள். போர்ட்லண்டு ஹெட் விளக்கம் 1791-ல் ஏற்றப்பட்டது. கிழக்குக் கோடியில் மேற்கு குவாடி ஹெட் என்ற இடத்தில், குழந்தைகள் சாப்பிடும் மிட்டாய் மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோபுரம் ஒன்று நிற்கிறது. அலாஸ்காவின் தூரத் தீவுகளை விட்டுவிட்டால் அமெரிக்க மாநிலங்களின் கிழக்கு எல்லை அதுதான்.

முட்டைக்காரியைத் தொடாதே!

மேய்ன் என்றதும் அமெரிக்கர்களுக்கு நாக்கில் ஊறுவது லாப்ஸ்டர். நம் மீனவர்கள் சிங்கி இறால் என்பார்களே, அதற்குத் தூரத்து உறவு. ஆனால் இதற்கு நண்டு மாதிரி இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு. சைவக்காரச் சகோதரிகள் முகம் சுளித்துப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நான் சொல்ல வந்தது சாப்பாட்டை அல்ல, அதன் பின்னால் இருக்கும் கணக்கை.

வலை போட்டு வாரிக்கொண்டு வருவது அங்கே கூடாது. கூண்டு போட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஒருவருக்கு 800 கூண்டுக்கு மேல் அனுமதி இல்லை. கூண்டிலேயே குட்டிகள் தப்பித்துப் போக ஒரு சின்ன வழி வைத்திருக்கிறார்கள். கூண்டைத் தூக்கியதும் கையில் ஒரு பித்தளை அளவுகோல். கண்குழியிலிருந்து முதுகு ஓட்டின் முடிவு வரை மூணேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். சரி, பெரிசாக இருந்தால்? ஐந்து அங்குலத்துக்கு மேல் போனாலும் திருப்பிவிட வேண்டும்! பெரிய தாய் லாப்ஸ்டர் சின்னதைவிடப் பல மடங்கு முட்டையிடும், அதை விட்டுவை என்பது கணக்கு. பிடிக்கிற அளவுக்கு ஒரு லாப்ஸ்டர் வளர ஆறேழு வருஷம் பிடிக்குமாம். சட்டென்று வளர்கிற சமாசாரம் அல்ல.

இன்னொன்று கேளுங்கள். வாலுக்கடியில் முட்டைகளோடு ஒரு பெண் லாப்ஸ்டர் அகப்பட்டால், வால் மடல் ஒன்றில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு சின்ன வெட்டு வெட்டிக் கடலில் விடுகிறார்கள். பிறகு அடுத்த வருஷம் அவள் வேறொருவர் கூண்டில் முட்டை இல்லாமல் அகப்பட்டாலும், அந்த வெட்டைப் பார்த்தவுடன், 'இவள் முட்டைக்காரி, குடும்பஸ்தி' என்று தெரிந்துகொண்டு அவரும் விட்டுவிட வேண்டும். நடுக்கடலில் ஒவ்வொருவர் பக்கத்திலும் போலீஸா நிற்கிறது? இல்லை. 'நான் விட்டதை நீயும் விடுவாய், நீ விட்டது நாளைக்கு என் பிள்ளைக்கு' என்ற நம்பிக்கையில்தான் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

இந்தத் தொழில் ஆண்களுடையது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ராக்லண்டைச் சேர்ந்த வர்ஜினியா ஆலிவர் என்ற அம்மாள், எட்டு வயசுச் சிறுமியாகப் படகில் ஏறியவர். நூறு வயசைத் தாண்டிய பிறகும் மகனோடு கடலுக்குப் போய், பித்தளை அளவுகோலை வைத்துக்கொண்டு அளந்து அளந்து போட்டிருக்கிறார். நூறு வயசில்! நமக்கு நாற்பதிலேயே மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கிறது.

ஒரு வருஷம் காய்ப்பு, ஒரு வருஷம் ஓய்வு

கடலை விட்டு நிலத்துக்கு வந்தாலும் இதே குணம்தான். மேய்னின் கிழக்குப் பகுதியில் காட்டு ப்ளூபெரி என்ற சின்னப் பழம், முழங்காலுக்கும் கீழான செடியில் தானாக வளர்கிறது. நாவல் பழ நிறம், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. யாரும் நட்டு வளர்த்ததல்ல. ஒரு வருஷம் பழம் எடுத்தால், பிறகு செடியைத் தரையோடு அறுத்தோ எரித்தோ விடுவார்கள். அடுத்த வருஷம் ஓய்வு. அதற்கடுத்த வருஷம்தான் மறுபடியும் பழம். சீப்பு போன்ற பற்களுள்ள முறத்தால் ஆகஸ்ட் மாதத்தில் வாரி எடுக்கிறார்கள். இப்படி எரித்துப் பழம் எடுக்கும் வித்தையை முதலில் கண்டவர்கள் அந்த மண்ணின் பூர்வ குடிகளான வபனாக்கி மக்கள்.

வடக்கே அரூஸ்டுக் என்ற மாவட்டம். அங்கே உருளைக்கிழங்குதான் சோறு போடுகிறது. சில பள்ளிக்கூடங்கள் ஆகஸ்டிலேயே திறந்து, செப்டம்பர் கடைசியில் கிழங்கு தோண்ட என்றே பிள்ளைகளுக்கு லீவு விடுகின்றன. முன்பெல்லாம் ஊரே வயலில் நிற்குமாம். இப்போது யந்திரம் வந்துவிட்டதால் லீவு விடும் பள்ளிகள் குறைந்துவிட்டன. ஆனாலும், 'முதல் முதலாக நானே சம்பாதித்த காசு' என்று அந்தப் பக்கத்துப் பாட்டிமார் இன்றைக்கும் சொல்லி மகிழ்கிறார்கள்.

மலையும் இப்படித்தான் மிஞ்சியது. பெர்சிவல் பாக்ஸ்டர் என்பவர் 1921 முதல் 1925 வரை கவர்னராக இருந்தார். கட்டாடின் மலையையும் அதைச் சுற்றியுள்ள காட்டையும் மாநிலம் வாங்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். சட்டசபை இசையவில்லை. பதவி போன பிறகு சொந்தப் பணத்தில் துண்டு துண்டாக, 1930 முதல் 1962 வரை 32 வருஷம், வாங்கி வாங்கி மாநிலத்துக்கே எழுதி வைத்தார். மொத்தம் 2 லட்சம் ஏக்கருக்கு மேல்! போட்ட நிபந்தனை, அது என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்பது. சிறுவாடு சேர்த்து நகை வாங்கிப் பெண்ணுக்கு வைக்கிற தாயின் பொறுமை அல்லவா இது!

சனிக்கிழமை மொச்சை

அடுப்படியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். மேய்ன் வீடுகளில் சனிக்கிழமை ராத்திரி என்றால் சுட்ட மொச்சை. ஞாயிறு கடவுளுக்கான நாள், அன்றைக்கு அடுப்பு மூட்டக் கூடாது என்ற பழைய கிறிஸ்தவக் கட்டுப்பாட்டில் பிறந்த பலகாரம். வெள்ளி ராத்திரி ஊறப் போட்டு, சனிக்கிழமை பூராவும் மண் ஜாடியில் மெல்லிய சூட்டில் வைத்தால், சனி ராத்திரிக்கும் ஆயிற்று, மிச்சம் மறுநாளுக்கும் ஆயிற்று. மரம் வெட்டும் முகாம்களில் மண்ணில் குழி தோண்டி, தணல் போட்டு, பானையைப் புதைத்துவிடுவார்களாம். இன்றும் ஊர்க் கோயில்களிலும் சங்கங்களிலும் 'மொச்சை விருந்து' வைத்து நிதி திரட்டுகிறார்கள்.

அவர்கள் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். அதை விட்டுவிட்டு நம் வழியில் செய்ய, இதோ:

இரண்டு கப் ராஜ்மா அல்லது மொச்சையை ராத்திரி ஊற வைத்து, மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வையுங்கள். ராஜ்மா என்றால் தளதளவென்று கொதிக்கும்போது பத்து நிமிஷமாவது இருக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுத்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் அலட்சியம் வேண்டாம். ஒரு பருப்பைக் கரண்டியில் எடுத்து ஊதினால் தோல் சுருங்கிப் பிரிய வேண்டும். அதுதான் அங்கத்துப் பாட்டிகளின் பக்குவம். பிறகு அடி கனமான பாத்திரத்தில் ஒரு முழு வெங்காயத்தை அடியில் வைத்து, மேலே பருப்பைக் கொட்டி, கால் கப் வெல்லப்பாகு, ஒரு டீஸ்பூன் கடுகுப் பொடி, உப்பு கரைத்த வெந்நீரை மூழ்கும்படி ஊற்றி மூடி, மிகச் சிறிய தீயில் மூன்று மணி நேரம் வையுங்கள். இடையிடையே வெந்நீர் சேர்க்க வேண்டும். ரொட்டிக்கு நன்றாக இருக்கும்.

தொட்டிலருகே பிறந்த புத்தகம்

மேய்ன் ஆரம்பத்தில் தனி மாநிலமே அல்ல. மாசசூஸெட்ஸின் ஒரு பகுதி. 1820 மார்ச் 15-ம் தேதிதான் 23-வது மாநிலமாகப் பிரிந்தது. அதிலும் ஒரு பேரம். அடிமை முறை உள்ள மிசூரியைச் சேர்க்க வேண்டுமானால், அடிமை முறை இல்லாத மேய்னையும் சேர்த்து எண்ணிக்கையைச் சமமாக்கு என்றார்கள். தன் விடுதலை, வேறு எங்கேயோ மனிதர்களின் அடிமைத்தனத்துக்கு ஈடாகக் கிடைத்தது என்பது மேய்னின் பிறவி வடு.

அந்த வடுவுக்கு மருந்து போட்டது ஒரு தாய் என்றால் ஆச்சரியமாக இல்லை? ஹாரியட் பீச்சர் ஸ்டோ 1849-ல் ஒன்றரை வயசு மகனைக் காலராவுக்குப் பறிகொடுத்தவர். அடுத்த வருஷம், கணவருக்குக் கல்லூரியில் வேலை கிடைத்து, நிறைமாதக் கர்ப்பிணியாக மேய்னில் ப்ரன்ஸ்விக் ஊருக்குக் குடி வந்தார். அங்கே மறுபடியும் ஒரு குழந்தை. கைக்குழந்தை, வீட்டு வேலை, பணக் கஷ்டம் இத்தனைக்கும் நடுவே எழுதியதுதான் 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. அடிமைச் சந்தையில் குழந்தையைப் பறித்து விற்கும்போது ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்பது, பிள்ளையைப் புதைத்த அன்றுதான் தனக்குப் புரிந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். 1852-ல் புத்தகமாக வந்தபோது முதல் வருஷத்திலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் விற்றன. தேசத்தின் மனச்சாட்சியையே அது உலுக்கிவிட்டது.

இன்னொருவர் மார்கரெட் சேஸ் ஸ்மித். ஸ்கவ்ஹீகன் ஊரில் முடிதிருத்துகிறவரின் மகள். காலேஜ் வாசலை மிதித்ததில்லை. டெலிபோன் ஆபரேட்டராக, பள்ளி ஆசிரியையாக இருந்து, கணவர் காலமானபின் 1940-ல் அமெரிக்கக் காங்கிரஸுக்கும், 1948-ல் ஸெனட்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டு சபைகளிலும் உறுப்பினரான முதல் பெண்மணி இவர்தான். 1950-ல் ஸெனட்டர் மக்கார்த்தி என்பவர், எதிரே நிற்பவரையெல்லாம் 'கம்யூனிஸ்டு' என்று குற்றம் சாட்டி நாட்டையே நடுங்க வைத்தார். பெரிய பெரிய ஆண்களெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தபோது, ஸெனட்டில் இருந்த ஒரே பெண் எழுந்து, பயத்தையும் அவதூறையும் காட்டி ஓட்டு வாங்காதீர்கள் என்று தன் சொந்தக் கட்சியையே கண்டித்தார். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டோமே என்று ஏங்குகிற நம்மைப் போன்றவர்கள் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

வாசலில் நிற்பது யார்?

எல்லாம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு போனால் அது கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

மேய்ன்காரர்களிடம் ஒரு வார்த்தை உண்டு. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களை 'அசலூர்' என்பார்கள். ஐம்பது வருஷம் இருந்தாலும் அசலூர்தான். 'சரி, நான் அசலூர். என் பிள்ளை இங்கேதானே பிறந்தான்?' என்று கேட்டால், 'பூனை அடுப்புக்குள் குட்டி போட்டால், அதைப் பிஸ்கோத்து என்றா சொல்வது?' என்பது அங்கே வழங்குகிற பதில். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு சிலருக்கு வலித்திருக்கிறது.

முதலில் வலித்தது, அசலூர் என்று சொல்லவே முடியாதவர்களுக்கு. பெனாப்ஸ்காட், பாஸமக்வாடி, மாலிசீட், மிக்மாக் ஆகிய வபனாக்கி மக்கள் பல ஆயிரம் வருஷங்களாக அங்கேயே வாழ்கிறவர்கள். வபனாக்கி என்றால் விடியலின் மக்கள் என்று பொருள். அவர்களுக்குத் தனியாக ஒதுக்கிய பகுதிகளில் குடியிருந்தவர்களுக்கு மாநிலத் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்தது 1967-ல்தான்!

அதைவிடக் கொடுமை, குழந்தைகளை எடுத்துக்கொண்டு போனது. 'சரியாக வளர்க்கவில்லை' என்று சொல்லி அதிகாரிகள் வபனாக்கிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து, வேற்று வீடுகளில் விட்டார்கள். 2013-ல் இதை விசாரிக்க, மாநிலமும் பூர்வ குடிகளும் சேர்ந்து ஓர் உண்மை அறியும் குழுவை அமைத்தார்கள். 2015-ல் அறிக்கை வந்தது. 2000-க்குப் பிறகும் கூட, மற்றக் குழந்தைகளைவிட ஐந்து மடங்குக்கு மேலான விகிதத்தில் பூர்வ குடிக் குழந்தைகள் அரசுப் பராமரிப்புக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்! முட்டையுள்ள லாப்ஸ்டரைக் கண்டால் கை நடுங்கி விட்டுவிடுகிற ஊரில், மனிதத் தாய்க்கு இந்த நீதி கிடைக்கவில்லையே என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் தப்பைத் தப்பு என்று எழுதி வைத்தார்கள் அல்லவா? வபனாக்கி மக்களின் சரித்திரத்தை எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் சொல்லித்தர வேண்டும் என்று 2001-லேயே சட்டமும் போட்டிருந்தார்கள்.

அதே 2001-ல்தான் லூயிஸ்டன் என்ற பழைய நூற்பாலை நகருக்கு சோமாலியாவிலிருந்து உயிர் பிழைத்து வந்த குடும்பங்கள் குடியேறத் தொடங்கின. முதலில் முணுமுணுப்பு. 2002-ல் மேயரே, 'இனி வருகிறவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள்' என்ற பொருளில் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2003 ஜனவரியில் வெளியூர் வெறுப்புக் கும்பல் ஒன்று அங்கே கூட்டம் போட்டது. வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அதே நாளில் சோமாலியரை வரவேற்றுக் கூடிய ஊர்க்காரர்களோ ஆயிரக்கணக்கில்! 2015-ல் லூயிஸ்டன் உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கால்பந்துக் கோப்பையை ஜெயித்தபோது, அந்தக் குழுவில் விளையாடியவர்களில் பெரும்பாலோர் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். பூனைக்குட்டி பிஸ்கோத்து ஆகவில்லைதான். ஆனால் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

இளம் பிள்ளைகள் அங்கே தேவையும்கூட. அமெரிக்காவிலேயே முதியவர்கள் விகிதம் மிக அதிகமான மாநிலங்களில் மேய்ன் முதல் வரிசையில் நிற்கிறது. கதவைச் சாத்திக்கொண்டால் கூண்டைத் தூக்கவும், பாட்டிக்குக் கஞ்சி கொடுக்கவும் யார் வருவார்?

கடல் சூடாகிறது

இப்போது அவர்கள் வீட்டில் பெரிய கவலை ஒன்று புகுந்திருக்கிறது. மேய்ன் வளைகுடா, உலகத்துக் கடல்களில் பெரும்பாலானவற்றைவிட வேகமாகச் சூடாகி வருகிறது. குளிர்ந்த தண்ணீர் வேண்டுகிற சின்ன வடக்கத்தி இறால் அருகிப்போய், 2014-ல் அதைப் பிடிக்கும் பருவத்தையே மூடிவிட்டார்கள். லாப்ஸ்டர்கள் குளிர்ச்சியைத் தேடி வடகிழக்கே நகர்கின்றன. 2016-ல் 13 கோடி பவுண்டுக்கு மேல் பிடித்தார்கள். 2022 முதல் 10 கோடியைத் தொடவில்லை.

குட்டி லாப்ஸ்டர்களின் எண்ணிக்கையும் குறைவதைக் கண்டு, அளவுகோலை ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூட்டலாம் என்று மீன்வள அதிகாரிகள் தீர்மானித்தார்கள். தலைமுறையாக விட்டு வைத்தே பழகியவர்கள், இந்த நூலிழையை எதிர்த்தார்கள்! படகுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, நாங்கள் விட்டதைப் பக்கத்துக் கனடாக்காரர் பிடித்துக்கொள்வார் என்றார்கள். 2025-ல் தீர்மானம் கைவிடப்பட்டது. யாரைக் குற்றம் சொல்வது? மாசக் கடைசியில் உண்டியலை உடைக்கலாமா வேண்டாமா என்று தவித்தவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும். ஆனால் உடைத்த உண்டியல் மறுபடி நிறைய எவ்வளவு நாளாகும் என்பதும் நமக்குத் தெரியும். முன்பு காட் மீனை அளவில்லாமல் பிடித்து, 1990-களில் அந்தத் தொழிலே படுத்துப்போனதை அந்த ஊர்க்காரர்களும் கண்ணால் கண்டவர்கள்தான்.

குளிர் குறைந்ததால் தாய்மாருக்கு இன்னொரு வேலையும் கூடியிருக்கிறது. மான் உண்ணி என்ற பொடி உண்ணி கடித்து வருவது லைம் நோய். ஜுரம், மூட்டு வலி, தோலில் வட்டமாகத் தடிப்பு என்று ஆரம்பிக்கும். கடுங்குளிரில் அடங்கிக் கிடந்த இந்த உண்ணி, இப்போது வடக்கேயும் பரவுகிறது. சமீப ஆண்டுகளில் மேய்னில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் இந்த நோய் கண்டிருக்கிறது. விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளைச் சாயங்காலம் நிற்க வைத்து, காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று உண்ணி தேடுவது அங்கே அம்மாக்களின் தினசரிக் கடமை. சீக்கிரம் கண்டு மருந்து கொடுத்தால் குணமாகிவிடும் என்பது ஒரு ஆறுதல்.

2024 ஜனவரியில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு புயல்கள் அடித்தன. படகுத்துறைகள் நொறுங்கின. நூற்றாண்டு கண்ட மீனவக் குடிசைகள் கடலோடு போயின. போர்ட்லண்டில் பதிவானவற்றிலேயே மிக உயர்ந்த கடல் மட்டம் அன்றைக்குத்தான். ஆபி பர்ஜஸ் கண்ட புயலும் ஜனவரிதான். ஆனால் அவள் காலத்துப் புயல் வந்துவிட்டுப் போய்விட்டது. இந்தத் தலைமுறை காண்கிற கடல், உயர்ந்த மட்டத்திலிருந்து இறங்கிப் போகப் போவதில்லை.

துறைகளை இன்னும் உயரமாகக் கட்டுகிறார்கள். பெண் லாப்ஸ்டரின் வாலில் இன்றும் வெட்டு வெட்டி விடுகிறார்கள். சனிக்கிழமை மொச்சை இன்றும் வேகிறது, அந்த மேஜையில் சோமாலிப் பெண் சமைத்த சமோசாவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. சிக்கனம் மட்டும் இருந்தால் அந்த வீடு தாங்காது, கடலைச் சூடாக்கியது அவர்கள் மட்டும் அல்லவே. எங்கெங்கேயோ எரிகிற அடுப்புகளும் புகைபோக்கிகளும் சேர்ந்து செய்த வேலை அது.

அடுத்த முறை உங்கள் பிள்ளை அட்லஸைப் பிரித்தால், வலது கை மேல் மூலையைக் காட்டி, கோழிக்கூடையோடு ஓடிய அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லுங்கள். வீட்டையும் காப்பாற்ற வேண்டும், வெளியே இருட்டில் வருகிற முகம் தெரியாதவர்களுக்கு விளக்கையும் ஏற்றி வைக்க வேண்டும். பதினாறு வயசுப் பெண் இரண்டையும் செய்தாள் என்று சொல்லுங்கள்.